சலித்த மணலில் நாடாச்செடி

என் அக்கா வீட்டுக்காரர் சக்கரபாணியைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டும் என்றால், நான் முதலில் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொள்வேன். மாமா கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார். ஆனால் அவர் எதிரே பத்து நிமிஷம் உட்கார்ந்தால், நம் சட்டையில் எங்கே கறை இருக்கிறது என்று நமக்கே தேடத் தோன்றும். அப்படியொரு பார்வை அவருக்கு. அந்தப் பார்வையை மன்னித்து அந்த மனிதரிடம் பிரியம் வைப்பதற்கு எனக்கு முப்பத்தோரு வருஷம் பிடித்தது.

பார்வையைக் குறை சொல்லியும் பயனில்லை. அதுதான் அவருக்குச் சோறு போட்டது. விருத்தாசலத்தில் பியூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிற ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணும் கல்மாவும் தண்ணீரும் சேர்ந்து மில்லில் அரைபட்டுப் பால் மாதிரி வரும். அந்தக் கரைசலைச் சலித்து, காந்தத்தின் மேல் ஓடவிட்டு, இரும்புத் துகளைப் பிரித்து எடுப்பது மாமாவின் வேலை. ஒரு கடுகளவு இரும்பு தப்பிப் போனாலும், சூளையில் வெந்து வரும்போது வெள்ளைப் பொம்மையின் கன்னத்தில் பழுப்பு மச்சம் விழுந்திருக்கும். செம்மண் என்றால் இன்னும் மோசம். அதில் இருப்பதே இரும்புதான். ஒருமுறை யாரோ செம்மண் காலோடு உள்ளே வந்து, ஒரு சூளைச் சரக்கு முழுவதும் புள்ளி விழுந்துபோனது. அன்றிலிருந்து கரைசல் அறை வாசலில் மாமா ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். முதலாளியே ஆனாலும் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

என் அக்கா ராஜாம்பாள், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி, அதே கம்பெனிக்குப் பொம்மைக்குக் கண் எழுதப் போனாள். முதல் வாரத்திலேயே அவள் எழுதிய பொம்மைகளில் பதினேழை மாமா திருப்பி அனுப்பினார். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது என்று காரணம். மறுமாதம் அவரே பெண் கேட்டு வந்து நின்றார். மாப்பிள்ளை ரொம்ப சுத்தமான ஆள் என்று எங்கள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சுத்தம் எதுவரைக்கும் போகும் என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கல்யாண வீட்டில் என் கையைத் திருப்பிப் பார்த்து, நகத்தில் அழுக்கு என்று பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பியவரை நான் எப்படி மறப்பேன்?

ஜங்ஷனுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அங்கேயும் வாசலில் ஒரு வாளி. அரிசி மாவு மூன்று தரம் சலிக்கப்பட வேண்டும். கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதியை மறுபடி கழுவப் போடுவார். சத்தம் போட மாட்டார், அதுதான் கொடுமை. சத்தம் போட்டால் நாமும் பதிலுக்குப் போடலாம். அவர் பொருளைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். வேலையில் இருந்தவரை காலையில் போய்ச் சாயங்காலம் வருவார், சமாளித்தாள். இரண்டாயிரத்து நாலில் கம்பெனியை மூடியபோது, ஞாபகத்துக்கென்று காந்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்து சேர்ந்தார். அவர்கள் ஒரே பிள்ளையும் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பார்வை முழுவதும் அக்கா ஒருத்தி மேல் விழுந்தது.

மீன்தொட்டி யோசனை அக்காவுடையது. மங்கலம்பேட்டையில் நிஜாமுதீன் என்று ஒருவர், ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் மீன்தொட்டிகளைப் பராமரித்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, சொந்தமாகக் கடை போட்டிருந்தார். புடவை எடுக்கப் போன அக்கா அந்தக் கடையில் ஒரு தொட்டியைப் பார்த்திருக்கிறாள். உள்ளே மீன் குறைவு, செடி அதிகம். நாடா மாதிரி நீண்ட பச்சை இலைகள் தண்ணீருக்குள் சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தனவாம். அதற்கு வாலிஸ்னேரியா என்று பெயர் சொன்னார் நிஜாமுதீன். அக்கா நாடாச்செடி என்று வைத்துக்கொண்டாள்.

என்னிடம் வந்து சொன்னாள். நான் ஜங்ஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்தேன், இந்தக் குடும்பத்தின் பஞ்சாயத்தெல்லாம் அங்கேதான்.

"வூட்டுல எதாச்சும் ஒண்ணு பச்சையா இருக்கட்டும்டா மாணிக்கம். வாசல்ல ஒரு கருவேப்பிலச் செடி வைக்க வுடல இந்த மனுசன். மண்ணு தெறிக்குதாம். தண்ணிக்குள்ள இருக்கிற செடி எங்க தெறிக்கப்போவுது?"

முப்பத்தோரு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. இரண்டாயிரத்து ஆறு பொங்கலுக்கு மூன்றடித் தொட்டி ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஹாலில் முன்பு டிவி வைத்திருந்த சுவர் அலமாரி காலியாக இருந்தது. அதில் தொட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஒரு டியூப்லைட்.

அடியில் போட மணல் வேண்டும் என்றதும் மாமா எழுந்து நின்றார். மணல் என்றால் அவர் சங்கதியாயிற்றே. மணிமுத்தாற்று மணல் இரண்டு மூட்டை வந்தது. மொட்டை மாடியில் மூன்று சல்லடை, நாலு பக்கெட். பதினோரு தரம் தண்ணீர் விட்டு அலசினார். எண்ணியவள் அக்கா. பிறகு காய்ந்த மணலைப் பரப்பி, ஒவ்வொரு பிடியாகக் காந்தத்தைக் காட்டினார். ஆற்று மணலில் கரும்பொடி இருக்குமே, அது மீசை மாதிரி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துத் துடைத்துப் போட்டார். ஒரு வாரம் அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தொட்டியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பியபோது, மணல் சர்க்கரை மாதிரி மின்னியது. சொல்லத்தான் வேண்டும், அழகாகத்தான் இருந்தது.

ஒன்பது நாடாச்செடியும் கொஞ்சம் மீனும் கொண்டுவந்த நிஜாமுதீன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"மாஷா அல்லா, சூப்பரா இருக்குதுங்க ஐயா. ஆனா இதுல செடிக்குச் சாப்பாடு ஒண்ணும் இல்லியே. ஒவ்வொரு வேருக்குப் பக்கத்துலயும் களிமண்ணு உருண்டை ஒண்ணு ஆழமா வச்சிடுங்க. செம்மண்ணா இருந்தா ரொம்ப நல்லது, அதுல இரும்புச்சத்து இருக்குது. மேல மணலு மூடிக்கும், வெளிய தெரியாது."

"செம்மண்ணா?" என்றார் மாமா.

"ஆமாங்க. எலுமிச்சம்பழ சைசுக்கு."

"அத எடுத்து வெளிய போடத்தான் தம்பி எனக்கு முப்பத்து மூணு வருசம் சம்பளம் குடுத்தாங்க."

 நிஜாமுதீன் என்னைப் பார்த்தார், நான் டியூப்லைட்டைப் பார்த்தேன். அக்கா மட்டும் வாசல் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

செடி வைத்த பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மணல் மேல் மீன் கழிவு தூசாகப் படிந்திருப்பதை மாமா பார்த்துவிட்டார். அவ்வளவுதான். தண்ணீரை இறைத்து, செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைக் குழாயடியில் கழுவி, மணலையும் அள்ளி அலசி, திரும்ப நட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. எண்ணெய்க் குளியல் ஒன்றுதான் பாக்கி. நட்ட செடியை வாராவாரம் பிடுங்கிக் கழுவினால் அது எங்கே வேர் ஊன்றும் என்று கேட்டேன். வேர் சுத்தமாக இருந்தால் சீக்கிரம் ஊன்றும் என்றார். நான் ஜெராக்ஸ்காரன், எனக்கென்ன தெரியும்?

ஒரே ஒரு செடி இந்தக் கூத்தில் தப்பியது. அலமாரியின் பின்பக்க வலது மூலையில் இருந்தது அது. தொட்டிக்கு மேலே சிமெண்டுப் பலகை தாழ இருந்ததால் மாமாவின் தடித்த கை அதுவரை போகாது. அக்காவின் ஒல்லிக் கைதான் போகும். அதனால் அந்த மூலை அக்கா பொறுப்பு. "அத நான் கழுவிட்டேங்க" என்பாள் ஒவ்வொரு ஞாயிறும். மாமா தலையாட்டுவார்.

ஏப்ரலுக்குள் புது இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பிறகு நரம்பும் போய், கண்ணாடி மாதிரி ஆகி, நுனியிலிருந்து கரைந்தன. மாமா தண்ணீர் சரியில்லை என்றார். தண்ணீரை மாற்றினார். லைட் சரியில்லை என்றார். லைட்டை மாற்றினார். அக்கா ஒருநாள் மெதுவாக, "அந்த பாய் சொன்னாரே, அந்த உருண்ட..." என்று ஆரம்பித்தாள். மாமா தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஜூலையில் ஒரு அதிசயம் நடந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு நோஞ்சான் செடி பக்கவாட்டில் ஒரு கொடியை விட்டது. வெள்ளை நூல் மாதிரி மணலின் மேல் ஓடி, அதன் நுனியில் நெல் முளை அளவுக்கு ஒரு குட்டி. நாடாச்செடி இப்படித்தான் குட்டி போட்டுப் பரவும். அக்கா எனக்கு போன் போட்டு வரச்சொல்லிக் காட்டினாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரி, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிறு வந்தது. "இந்த ஒரு வாரம் அத மட்டும் வுட்டுடுங்க" என்று கேட்டிருக்கிறாள். "ஒண்ண வுட்டா அழுக்கு அங்கதான் தங்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமா பிடுங்கியிருக்கிறார். நூல் அறுந்து குட்டி அவர் விரலோடு வந்தது. அதையும் கழுவினாராம்.

 அக்கா மதியம் சமைத்து மூடி வைத்துவிட்டு, பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டு என் பூத்துக்கு வந்தாள்.

"நான் பெரியக்கா வூட்டுக்குப் போறேன்டா. அந்த வூட்டுல எதுவும் வளராது. நானும் அங்க இருந்து என்னா பண்ணப்போறேன்?"

எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்றாள். ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் மூத்த அக்கா பெரியநாயகி இருக்கிறாள், கொல்லையோடு கூடிய பெரிய வீடு. அங்கே இவளை யாரும் எதையும் மறுபடி கழுவச் சொல்லப் போவதில்லை. இவள் திரும்பி வரமாட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. வரவேண்டும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து மாமா பூத்துக்கு வரத் தொடங்கினார். காலை பத்து மணிக்கு, ரேஷன் கார்டோடு. "ஒரு ஜெராக்ஸ் எடு மாப்ள." எடுப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "கறுப்புக் கோடு வுழுது." இன்னொன்று எடுப்பேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்தால் முதுகு நிமிரும். நான் பேசி முடித்து வைத்ததும், "யாரு, ஊருலேருந்தா?" என்பார். இல்லை என்றால் கிளம்பிவிடுவார். அந்த ரேஷன் கார்டை இருபது நாளைக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்த கடை தமிழ்நாட்டிலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். நீங்களே போன் போட்டுப் பேசுங்களேன் என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னேன். "என்னான்னு பேசறது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கு அன்று முதல்முறையாக அவர் மேல் பரிதாபம் வந்தது.

தொட்டியில் செடிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அக்கா வருவதற்குள் அதைத் தேற்றிவிட வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. தேற்றுவதற்கு அவருக்குத் தெரிந்தது கழுவுவது ஒன்றுதான். கழுவினார், இன்னும் இரண்டு செத்தன. இருபத்து மூன்றாம் நாள் காலையில் ரேஷன் கார்டு இல்லாமல் வந்தார்.

"மாப்ள, முன்னாடி எட்டும் பூடுச்சு. அந்த மூலைச் செடி மட்டும் பச்சையா கெடக்குது. மேல பலக வரைக்கும் வந்துடுச்சு. அத என்னான்னு பாக்கணும், என் கை எட்டல. தொட்டிய இழுக்க ஒரு கை குடு."

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முக்கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் மூச்சுத் திணறத் தொட்டியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்தோம். முன்பக்கம் வெறும் வெள்ளை மணல், சுடுகாடு மாதிரி. பின்மூலையில் மட்டும் விரல் அகலத்துக்குப் பச்சை நாடாக்கள். செடியைச் சுற்றி மணலுக்குள் கொடி ஓடியிருந்தது. மாமா எண்ணினார். நாலு குட்டி.

தாய்ச்செடியின் அடியில் கையை விட்டுத் தோண்டினார். எதுவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மெதுவாக மேலே எடுத்தார். ஒரு துணி முடிச்சு. அக்காவின் பழைய ஊதாப் பூப்போட்ட புடவையிலிருந்து கிழித்த துண்டு, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணியைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தன வெள்ளை வேர்கள். நூலைப் பிரித்தபோது உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குச் செம்மண்.

மாமா கத்தப்போகிறார் என்று நான் தயாரானேன். என்னிடமும் சொல்வதற்கு நிறைய இருந்தது, இருபத்து மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். வேரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மறுபடி மண்ணைப் பார்த்தார். சூளையிலிருந்து நல்ல சரக்கு வந்தால் பார்ப்பாரே, அந்த முகம்.

"செம்மண்ணு மாப்ள! எவ்ளோ வச்சிருக்கா, எத்தினி நாளைக்கு ஒருக்கா மாத்தியிருக்கா, தெரியலியே. வா, போன் போடு."

செடியையும் மீன்களையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டுவிட்டு, முடிச்சைப் பேப்பரில் ஏந்திக்கொண்டு, என்னைவிட வேகமாக நடந்தார். மூன்று வாரமாகப் போனுக்கு முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தவர். தெரிந்துகொள்ளும் ஆசையில் ரோஷமெல்லாம் பறந்துவிட்டது. என் பூத் போனில் அந்தப் பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கும், ரிப்பேர் செய்யாமல் வைத்திருந்தேன். பெரியக்கா எடுத்து, ராஜாம்பாளைக் கூப்பிட்டாள்.

"ராஜாம்பா, நான்தான். அந்த மூலைச் செடிய எடுத்துப் பாத்தேன். அடியில மண்ணு..."

அவர் முடிக்கவில்லை, அக்காவின் குரல் படபடவென்று வந்தது.

"ஏங்க, கோச்சுக்காதீங்க. அந்த ஒரு மூலைலதாங்க வச்சேன். மத்ததுல கையே வைக்கல, சத்தியமா. தண்ணி கலங்கிப்போச்சா? துணியோட எடுத்து வெளிய போட்டுடுங்க. நான் வந்து தொட்டிய நல்லா கழுவிக் குடுத்துட்டுப் போறேன். திட்டாதீங்க."

என் அக்காவின் வயதை முன்பே சொன்னேன். ஒரு பிடி மண்ணுக்காக அந்தப் பெண் இருபது கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு கெஞ்சினாள்.  போனைப் பிடுங்கி ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எவ்வளவு வைத்தாய், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்க வந்த வாய் அப்படியே திறந்து கிடந்தது. தடவித் தடவி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்குப் பயந்துக்கிட்டா ஒளிச்சு வச்ச?"

 "ஆமாங்க" என்று கேட்டது அந்தப் பக்கத்திலிருந்து.

மாமா கையிலிருந்த முடிச்சைப் பார்த்தபடி இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மத்த எட்டும் செத்துப்போச்சு ராஜாம்பா. நான்தான் சாவடிச்சேன். நீ வச்சது ஒண்ணுதான் உசுரோட இருக்குது."

"கொடி வுட்டுருக்குதா?" என்றாள் அக்கா.

"நாலு குட்டி."

"நாலா?" அந்தக் குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வூட்டுக்கு வரியா?"

 "மண்ணு பெரியக்கா கொல்லைல எடுத்தது. வேணும்னா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாமா அடுத்த பஸ்ஸிலேயே போனார். ஸ்ரீமுஷ்ணத்தில் என்ன நடந்தது என்று பெரியக்காவிடம் பிறகு விசாரித்தேன். கொல்லையில் அவரே மண்வெட்டி பிடித்தாராம். பேசிக்கொண்டார்களா என்று கேட்டதற்கு, "பேசுனாங்க, நான் அடுப்படிக்குப் போயிட்டேன்" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், முக்கியமான இடத்தில் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். மாமா கையில் ஒரு மஞ்சப்பை நிறையச் செம்மண். அக்காவின் கையில் மணிபர்ஸ் தவிர ஒன்றுமில்லை. பெட்டி வரவில்லை. "செடிய வச்சுக் குடுத்துட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன்டா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். மாமா காதிலும் அது விழுந்திருக்கும். மஞ்சப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நானும் கூடவே போனேன், யாராவது ஒருத்தர் அக்கா பக்கம் இருக்க வேண்டும் என்று. மாமா ஹாலில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்தார். ஈரம் எவ்வளவு என்று அக்கா சொன்னாள், அவர் உருட்டினார். வேப்பங்காய் அளவு போதுமா என்று கேட்டார். குட்டிக்கு அது போதும், தாய்க்குப் பெரிசாக என்றாள். துணியில் கட்டி ஐந்து முடிச்சு. தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, குட்டிகளைக் கொடியிலிருந்து நறுக்கி, அக்கா ஒவ்வொன்றாக நட்டாள். முடிச்சை மணலின் அடிவரைக்கும் அழுத்தி, பக்கத்தில் வேரை விட்டு மூட வேண்டும். செடியின் கழுத்து மணலுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். மாமா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முடிச்சை அழுத்தும்போது நூல் அவிழ்ந்துவிட்டது. அவர் கட்டிய முடிச்சு அது, சரியாகக் கட்டத் தெரியவில்லை. செம்மண் குபுகுபுவென்று மேலே கிளம்பியது. அக்கா கையை வைத்து மூடப் பார்த்தாள், இன்னும் அதிகமானது. ஒரு நிமிஷத்துக்குள் தொட்டி முழுவதும் டீத்தண்ணீர் நிறம். அத்தனை சலித்து, அத்தனை அலசிய அந்த வெள்ளை மணல் கண்ணுக்கே தெரியவில்லை.

அக்காவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறின. அவள் மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு, வரப்போவதற்குக் காத்திருந்தாள். முப்பத்தோரு வருஷம் அவள் அப்படித்தான் நின்றிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூடப் பிறந்தவன், பூத்தில் உட்கார்ந்து அவள் குறையையெல்லாம் கேட்டவன், ஒருநாளாவது பார்த்தேனா?

மாமா தண்ணீரைப் பார்த்தார். தாடை இறுகியது. வாளியையும் பார்த்தார், எனக்குத் தெரியும். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த முடிச்சை எடுத்து, நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி, அக்காவின் பக்கம் நீட்டினார்.

"தெளியும். அடுத்தத வை."

அக்கா வாங்கிக்கொண்டாள். ஒன்றுமே தெரியாத அந்தச் செந்தண்ணீரில் கையால் துழாவித் துழாவி மற்ற இரண்டையும் நட்டாள். மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எது இருக்கிறது என்று விரலால் கண்ணாடியில் காட்டிக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் மண். நட்டு முடித்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மண் அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால்.

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை.

"பெரியக்காவுக்கு போன் போட்டு, என் பெட்டிய நாளைக்கு பஸ்ஸுல குடுத்தனுப்பச் சொல்லுடா."